இறால் ஓட்டுப் படலத்தில் ஒவ்வாமைப் புரதம் தேடும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

உண்ணக்கூடிய கைட்டோசான் படலத்தைச் சோதித்து எலிசா (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைக் கண்டறியும் சோதனை) பூஜ்யம் காட்டினால், முதலில் அந்தப் பூஜ்யத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். இறால், நண்டு ஓடுகளை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, நீர்த்த காரத்தில் வேகவைத்துப் புரதத்தை நீக்கி, பிறகு 40–50% சோடியம் ஹைட்ராக்சைடில் அசெட்டைல் தொகுதிகளைக் கழற்றினால் கிடைப்பது கைட்டோசான். ஒழுங்காகச் சுத்திகரித்த சரக்கில் புரதம் மிகக் குறைவாகவே எஞ்சும். அந்த மிச்சத்தைப் பிடிக்க நம்மிடம் இருக்கும் கிட்டுகளோ சூப், சாஸ், பிஸ்கட் போன்ற உணவுகளை மனதில் வைத்து உருவானவை. அங்கே புரதம் பஃபருக்குள் எளிதாக வந்துவிடும். இங்கே வராது.

காரணம் மின்னூட்டம். இறால் ஒவ்வாமையில் முதன்மையான ட்ரோபோமயோசின் 284 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். ஜெல்லில் 34–38 கிலோடால்டன் இடத்தில் நிற்கும், கொதிக்கவைத்தாலும் தாங்கும், மின்சமப் புள்ளி (நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் இடம்) ஏறத்தாழ பிஹெச் 4.5. கைட்டோசானின் அமீன் தொகுதிகளுக்கு பிகேஏ (அவற்றில் பாதி மின்னூட்டத்தோடு இருக்கும் பிஹெச்) 6.3 முதல் 6.5 வரை. ஆகவே பிஹெச் 4.5க்கும் 6.5க்கும் நடுவில் கைட்டோசான் நேர்மின், புரதம் எதிர்மின். இரண்டும் இறுகப் பற்றிக்கொள்ளும். பிஹெச்சை 6.5க்கு மேலே ஏற்றினால் கைட்டோசான் வீழ்படிவாகும்போது புரதத்தையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விடும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தொடங்குமுன் மூன்று மாதிரிகள்

இவை இல்லாமல் எந்த அறிகுறியையும் பிரித்தறிய முடியாது.

முதலாவது, ஓட்டுடலி (இறால், நண்டு இனம்) கலக்காத பிளாங்க் படலம். ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையிலிருந்தோ வெள்ளை மொட்டுக் காளானிலிருந்தோ எடுத்த கைட்டோசான் கடையில் கிடைக்கிறது. உங்கள் மாதிரியின் அசெட்டைல் நீக்க விழுக்காட்டுக்கும் மூலக்கூறு எடைக்கும் நெருங்கியதாக வாங்குங்கள். வெறும் பஃபரை பிளாங்க் என்று வைத்துக்கொள்வது இந்தச் சோதனையில் பயனற்றது.

இரண்டாவது, பிரித்தெடுக்கும் நேரத்தில் ஸ்பைக் செய்த, அதாவது அளவறிந்த புரதம் சேர்த்த மாதிரி. 1 கிராம் பிளாங்க் தூளில் 10 மைக்ரோகிராம் இறால் புரதம் சேர்த்து 20 மி.லி. பஃபரில் பிரித்தால், முழு மீட்பில், அதாவது சேர்த்ததெல்லாம் திரும்பக் கிடைத்தால், மி.லி.க்கு 500 நானோகிராம் இருக்க வேண்டும். 60 வந்தால் மீட்பு 12%.

மூன்றாவதைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள்: படலமாக வார்க்கும் முன்பே புரதம் கலந்த மாதிரி. 1% அசெட்டிக் அமிலத்தில் 2% கைட்டோசான் கரைசல் 100 மி.லி., அதில் 0.5 கிராம் கிளிசரால், 30 மைக்ரோகிராம் இறால் புரதம். தட்டில் ஊற்றி 40° செல்சியஸில் ஓரிரவு முழுக்க உலர்த்துங்கள். ஏறத்தாழ 3 கிராம் படலம் வரும், அதாவது கிலோவுக்கு 10 மி.கி. அளவு. உலர்ந்தபின் எடை போட்டு உண்மையான செறிவைக் கணக்கிடுங்கள். மிச்ச அமிலமும் ஈரமும் எடையில் ஏறும் என்பதால் மூலப்பொருள்களைக் கூட்டிப் போட்ட கணக்கு சரியாக வராது.

ஒவ்வாமை எலிசாவில் மீட்பு 80–120% வந்தால் நல்லது, 50–150% ஏற்கத்தக்கது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. மூன்றாம் மாதிரி அந்த அகன்ற எல்லைக்குள் வந்தாலே இந்தப் பொருளில் நல்ல வேலை.

அறிகுறி: ஸ்பைக் செய்த மாதிரியிலும் எலிசா எதையும் காட்டவில்லை

எடுத்தவுடன் கிட்டைக் குறை சொல்ல வேண்டாம். பிரித்தெடுத்த சாற்றின் பிஹெச்சைப் பாருங்கள். படலத்துக்குள் அசெட்டிக், லாக்டிக் அல்லது சிட்ரிக் அமிலம் எப்போதும் மிச்சம் இருக்கும். கிட்டோடு வரும் பஃபர் பெரும்பாலும் 10 முதல் 50 மில்லிமோலார் வலிமைதான். ஒரு கிராம் படலம் விழுந்ததும் 7.4 என்றிருந்தது 5.5க்கு இறங்குவது சாதாரணம். அந்த பிஹெச்சில் கைட்டோசான் பாதி கரையும், புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடவே ஆன்டிபாடி பிணைப்பும் தளரும். ஒரே காரணம் மூன்று வழியில் அடிக்கிறது.

திருத்தம் இப்படி. 100 மில்லிமோலார் சோடியம் கார்பனேட்–பைகார்பனேட், பிஹெச் 9.5, அதில் 1 மோலார் சோடியம் குளோரைடு, 0.5% ட்வீன்-20 (மின்னூட்டமற்ற சோப்பு). ஒரு கிராம் தூளுக்கு 20 மி.லி. சேர்த்ததும் உடனே பிஹெச் பார்த்து, 9க்குக் கீழே இறங்கியிருந்தால் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்றுங்கள். 60° செல்சியஸில் 30 நிமிடம் குலுக்கி, 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, தெளிந்த மேல்நீரை எடுங்கள். இந்தக் காரத்தன்மையில் கைட்டோசானின் மின்னூட்டம் அநேகமாக இறங்கிவிடும், கரையாமல் கிடக்கும்; அதிக உப்பு மிச்சப் பிணைப்பைத் தளர்த்தும். தசைப் புரதமான ட்ரோபோமயோசினுக்கு உப்பு பிடிக்கும் என்பது கூடுதல் லாபம்.

சாற்றை நேராகக் குழியில் ஊற்றக் கூடாது. கிட்டின் நீர்ப்பியில் குறைந்தது ஐந்து மடங்கு நீர்த்து, உப்பு 0.2 மோலாருக்கும், பிஹெச் 7.2–8.0க்கும் வந்துவிட்டதா என்று பார்த்தபின் சேர்க்கவும். இதனால் கண்டறியும் எல்லையும் ஐந்து மடங்கு உயர்கிறது. அறிக்கையில் அந்த உயர்ந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். கிட் பெட்டியில் அச்சிட்ட எல்லையை எழுதினால் அது பொய்க்கணக்கு.

இவ்வளவு செய்தும் மீட்பு 50%ஐத் தொடவில்லை என்றால், படலத்தில் தேயிலைச் சாறு, திராட்சை விதைச் சாறு, டானிக் அமிலம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று உற்பத்தியாளரைக் கேளுங்கள். நுண்ணுயிர் எதிர்ப்புக்காகவும் ஆக்சிஜனேற்றத் தடுப்புக்காகவும் இவற்றைச் சேர்ப்பது வழக்கம். பாலிஃபீனால்கள் புரதத்தைப் பிடித்து வீழ்படிவாக்கும். பஃபரில் 1–2% மீன் ஜெலட்டினோ கொழுப்பு நீக்கிய பால்தூளோ சேர்த்தால் பாலிஃபீனால் முதலில் அதன்மேல் விழும். பால்தூள் மலிவு, ஆனால் அதே மேசையில் பால் ஒவ்வாமைச் சோதனையும் நடந்தால் அதைத் தொடவே வேண்டாம். மீன் ஜெலட்டினுக்கும் அதே எச்சரிக்கை, மீன் சோதனை நடக்கும் இடத்தில்.

மேற்பரப்பு ஒட்டலையும் மறக்க வேண்டாம். மி.லி.க்குச் சில பத்து நானோகிராம் அளவில் புரதம் சாதாரண பிளாஸ்டிக் குழாயின் சுவரிலேயே கணிசமாகப் படிந்துபோகும். புரதம் ஒட்டாத வகைக் குழாய்களைப் பயன்படுத்துங்கள். ஸ்டாண்டர்ட் கரைசலையும் அதே குழாயில்தான் நீர்க்க வேண்டும்.

அறிகுறி: பஃபர் சேர்த்ததும் சாறு வெள்ளையாகத் திரிகிறது

எஸ்டிஎஸ் கலந்த பஃபர் பயன்படுத்தும் கிட்டுகளில் இது வரும். எஸ்டிஎஸ் எதிர்மின் சோப்பு, அமிலத்தில் கரைந்த கைட்டோசான் நேர்மின் பாலிமர். இரண்டும் சேர்ந்து கட்டியாகும். அந்தக் கட்டி எஸ்டிஎஸ்ஸை உறிஞ்சிவிடுவதால் புரதத்தை அவிழ்க்க அது மிஞ்சுவதில்லை. படலத் தூளை முதலில் காரப் பஃபரில் பிஹெச் 8.5–9 வரை நடுநிலையாக்கி 15 நிமிடம் வைத்துவிட்டு, அதன்பிறகு எஸ்டிஎஸ் சேர்த்தால் திரிதல் பெரும்பாலும் நின்றுவிடும். வரிசையை மாற்றினால் போதும், புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. மெர்காப்டோஎத்தனால் உள்ள பஃபர் என்றால் புகைக்கூண்டுக்குள் வேலை செய்யுங்கள். சாற்றைக் கிட் சொல்லும் அளவுக்கு நீர்க்காமல் குழியில் விட்டால் ஆன்டிபாடியே குலைந்துபோகும்.

திரிந்த இடத்தில் நுரையும் பொங்கினால் கதை வேறு. அமிலம் பட்டதும் குமிழி வருகிறதென்றால் சுண்ணாம்பு முழுதாக நீங்கவில்லை, அதாவது ஓட்டுத்தூளே கலந்திருக்கிறது. சாம்பல் அளவைப் பாருங்கள், 1%க்கு மேல் இருந்தால் சுத்திகரிப்பு அரைகுறை. சுண்ணாம்பை ஒழுங்காக நீக்காத ஆலை புரதத்தை மட்டும் ஒழுங்காக நீக்கியிருக்கும் என்று நம்பக் காரணமில்லை. அப்படிப்பட்ட லாட்டில் எலிசா குறைவாகக் காட்டினால் மாதிரியளவைக் கூட்டித் திரும்பச் செய்யுங்கள்.

அறிகுறி: பிரித்தெடுக்கும்போது சேர்த்த ஸ்பைக் 90% மீள்கிறது, படலத்துக்குள் வார்த்த புரதம் 20%தான் மீள்கிறது

இதுதான் மிக ஆபத்தான நிலை, ஏனென்றால் முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் நிம்மதியாகக் கையெழுத்திடுவார். பஃபரில் சேர்த்த புரதம் படலத்துக்குள் நுழைவதே இல்லை. அது மீண்டதிலிருந்து ஆன்டிபாடி வேலை செய்கிறது என்று மட்டுமே தெரியும். உள்ளே சிக்கிய புரதத்தைப் பற்றி அந்த எண்ணுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வலையை உடைக்க வேண்டும். அதற்குக் கைட்டோசானேஸ் என்சைம் உகந்தது. 0.1 கிராம் தூளை 10 மி.லி. 1% அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, சோடியம் அசெட்டேட் சேர்த்து பிஹெச் 5.5க்குக் கொண்டுவந்து, என்சைம் இட்டு 37° செல்சியஸில் 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள். பிசுபிசுப்பு தண்ணீர் அளவுக்கு இறங்கியதும் உப்பை 1 மோலாருக்கு ஏற்றி, பிறகு பிஹெச்சை 8க்கு ஏற்றவும். வரிசை முக்கியம்: உப்பு முதலில், காரம் பிறகு. சிறு துண்டுகளான கைட்டோசான் நடுநிலையிலும் கரைந்தே இருக்கும், அதனால் புரதத்தை இழுத்துக்கொண்டு வீழ்படிவாகாது.

இதில் இரண்டு பொறிகள். கடையில் வாங்கும் கைட்டோசானேஸில் புரதத்தை வெட்டும் என்சைமான புரோட்டியேஸ் கலந்திருக்கலாம். வெறும் ட்ரோபோமயோசின் கரைசலில் அதே என்சைமை அதே நேரம் வைத்து, அளவு குறைகிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்தால் வேறு தயாரிப்பு வாங்குங்கள். புரோட்டியேஸ் தடுப்பான் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் ட்ரிப்சினும் ஒரு புரோட்டியேஸ் என்பதால் அதே சாற்றைப் பிறகு அதில் செரிக்க முடியாது. இரண்டாவது, கைட்டோசானேஸ் கிடைக்கவில்லையென்று முட்டை லைசோசைமை எடுப்பது. அசெட்டைல் தொகுதிகள் அதிகம் மிஞ்சிய கைட்டோசானை அது ஓரளவு வெட்டும், ஆனால் அதுவே முட்டை ஒவ்வாமைப் புரதம். ஒவ்வாமைச் சோதனைக் கூடத்துக்குள் அதைத் தூளாகக் கொண்டுவருவது தேவையற்ற வம்பு.

நைட்ரஸ் அமிலத்தால் கைட்டோசானை வெட்டும் பழைய முறையும் இருக்கிறது. விரைவானது, மலிவானது. ஆனால் அது புரதத்தின் அமீன்களையும் தாக்கும், ஆன்டிபாடி அடையாளம் காணும் இடங்களையும் கெடுக்கும். எலிசாவுக்கு முன் அதைச் செய்ய வேண்டாம்.

ஜெனிபின் என்ற குறுக்குப் பிணைப்புப் பொருள் போட்டு இறுக்கிய படலம் என்றால், நீல நிறத்தைக் கண்டதுமே தெரியும், என்சைமும் பாதிதான் உதவும். அங்கே புரதமும் பாலிமரும் சகப்பிணைப்பால் தைக்கப்பட்டவை. சாறெடுக்கும் யோசனையைக் கைவிட்டு, கழுவிய திண்மத்தையே ட்ரிப்சினில் ஓரிரவு செரித்து, வெளிவரும் பெப்டைடுகளை (புரதத் துண்டுகளை) நிறை நிறமாலையில், அதாவது மூலக்கூறு நிறையால் இனம் காணும் கருவியில் பாருங்கள். டிரைபாலிபாஸ்பேட்டால் இறுக்கியது அவ்வளவு பிடிவாதமல்ல, பிஹெச் 9.5ம் 1 மோலார் உப்பும் அதைத் தளர்த்திவிடும்.

அறிகுறி: பிளாங்க் படலமே பாசிட்டிவ்

உண்மையான புரதமா, ஒட்டும் கைட்டோசானா என்று முதலில் பிரிக்க வேண்டும். சாற்றை 1, 2, 4, 8 மடங்கு என நீர்த்து ஓட்டுங்கள். நீர்த்தல் காரணியால் பெருக்கிய விடை நான்கிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் உள்ளே ஏதோ புரதம் உண்மையாகவே இருக்கிறது. இரண்டாம் மடங்கிலேயே சட்டென்று காணாமல் போனால், கரைந்த கைட்டோசான் குழியின் பிளாஸ்டிக்கிலும் என்சைம் இணைந்த ஆன்டிபாடியிலும் ஒட்டி நிறம் தந்திருக்கிறது. நீர்ப்பியில் உப்பை 0.5 மோலாராக்கி, 1% போவைன் சீரம் ஆல்புமின் சேர்த்துப் பாருங்கள். ஆல்புமின் எதிர்மின் புரதம், கைட்டோசானை அதுவே போர்த்திவிடும். இந்த மாற்றம் ஸ்டாண்டர்ட் வளைகோட்டைக் கெடுக்கவில்லை என்பதை, ஸ்டாண்டர்டையும் அதே நீர்ப்பியில் ஓட்டி உறுதிசெய்யுங்கள்.

நேர்மாறாக, நீர்க்க நீர்க்க விடை கூடிக்கொண்டே போனால் இரண்டு வாய்ப்புகள்: தடுப்பு விலகுகிறது, அல்லது மாதிரியில் புரதம் மிக அதிகமாகி, ஆன்டிபாடிகள் நிரம்பி வழிந்து விடை பொய்யாகக் குறையும் ஹூக் விளைவு வந்திருக்கிறது. 50, 100 மடங்கு வரை நீர்த்து விடை நிலைக்கும் இடத்தைப் பிடியுங்கள். அந்த இடத்து எண்தான் விடை.

புரதம் உண்மையாகவே இருந்தால், அது இறாலா? ட்ரோபோமயோசினின் அமினோ அமில வரிசை கணுக்காலிகள் முழுவதிலும் பெரிதும் மாறாமல் வந்திருக்கிறது. வீட்டுத் தூசிப் பூச்சி, கரப்பான், உணவுக்காக வளர்க்கும் சிள்வண்டு ஆகிய எல்லாவற்றிலும் நெருங்கிய உறவுப் புரதம் உண்டு. கிடங்கில் கரப்பான் நடமாடினால் காளான் கைட்டோசான் மூட்டையும் பாசிட்டிவ் காட்டலாம். புதிதாகப் பிரித்த மூட்டையின் நடுப்பகுதியையும், கிடங்கில் திறந்து கிடந்த மூட்டையின் மேற்பகுதியையும் தனித்தனியே சோதித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்பாக அரவை இயந்திரத்தைப் பாருங்கள். இங்கே ஒரு பழக்கப் பிழை பரவலாக இருக்கிறது: எல்லாக் கருவிகளையும் கழுவுவது போலக் காரச் சோப்பில் நேராகக் கழுவுவது. காரத்தில் கைட்டோசான் கரையாது. கத்தியிடுக்கில் ஒட்டிய படலம் அப்படியே இறுகி உட்கார்ந்துவிடும், முந்தைய மாதிரியின் புரதத்தோடு. முதலில் 1% சிட்ரிக் அமில வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவி, நீரில் அலசி, பிறகுதான் காரச் சோப்பு. கடைசியில் சுத்தமான உப்பை ஒரு கை அரைத்து, அந்த உப்பையே பஃபரில் கரைத்து எலிசாவில் ஓட்டினால் இயந்திரம் சுத்தமா என்பது எண்ணாகவே கிடைத்துவிடும்.

அறிகுறி: ஒரே படலத்தின் மூன்று துண்டுகள் மூன்று விடை தருகின்றன

பெரும்பாலும் அரவைதான் காரணம். கிளிசரால் 20–30% உள்ள படலம் அறை வெப்பத்தில் அரையாது. நசுங்கும், சுருளும், கத்தியில் ஒட்டும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து நொறுக்கி, 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் முழுவதும் இறங்கும்வரை திரும்பத் திரும்ப அரையுங்கள். சல்லடையில் தங்கியதைத் தூக்கி எறியவே கூடாது. ஓட்டுத் துணுக்கோ தசைத் துணுக்கோ இருந்தால் அது தங்குவது அங்கேதான். குறைந்தது 5 கிராம் படலத்தை அரைத்து, கலந்து, அதிலிருந்து ஒரு கிராம் வீதம் மூன்று முறை எடுங்கள். 20 முதல் 100 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் 5 கிராம் என்பது கணிசமான பரப்பு. சுருளின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலிருந்தும் வெட்டுங்கள். உறைந்த தூள் ஈரம் பிடிப்பதற்குள் எடை போட்டுவிடுங்கள்.

நன்றாக அரைத்த பின்னும் விடைகள் 20%க்கு மேல் சிதறினால், பழி சோதனையின்மேல் இல்லை. மாதிரியே ஒருபடித்தானதாக இல்லை, சராசரி போட்டு அதை மறைக்காமல் மூன்று எண்களையும் கொடுங்கள்.

அறிகுறி: சான்றிதழில் புரதம் 0.2%, உங்கள் கெல்டால் விடை 48%

இரண்டும் தவறாக இருக்கலாம். கெல்டால் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. கைட்டினிலேயே நைட்ரஜன் 6.9%, முழுதும் அசெட்டைல் நீங்கிய கைட்டோசானில் 8.7%. பெருக்கிப் பாருங்கள்: ஒரு துளி புரதமும் இல்லாமலே 43 முதல் 54% ‘புரதம்’ வந்துவிடும். இந்தப் பொருளுக்குக் கெல்டால் எந்த வடிவிலும் ஒத்துவராது.

புரதம் அளக்கும் பிராட்ஃபோர்டு முறையில் நீலச் சாயம் எதிர்மின், ஆகவே கைட்டோசானோடு ஒட்டி நிறம் மாறும் அல்லது வீழ்படிவாகும். இன்னொரு புரத அளவீடான பிசிஏ முறை தாமிர அயனியை நம்புகிறது. கைட்டோசான் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும், உடைந்த சர்க்கரை முனைகள் தாமிரத்தை ஒடுக்கும். ஒன்று விடையைக் குறைக்கும், மற்றது கூட்டும். இரண்டும் சமன்பட்டு நம்பத்தக்க எண் போல ஒன்று வருவதுதான் கொடுமை. நம்பக்கூடியது அமினோ அமிலப் பகுப்பாய்வு: 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 110° செல்சியஸ், 24 மணி நேரம், பிறகு ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கூட்டுவது. குளுக்கோசமைன் உச்சத்தை மட்டும் கூட்டலில் சேர்க்காமல் விட வேண்டும். அது மிகப் பெரிதாக வந்து பக்கத்து உச்சங்களை மறைத்தால் மறைந்தவற்றையும் விட்டுவிடுங்கள்.

சான்றிதழின் 0.2% என்ற எண்ணும் பார்வைக்குத்தான் சிறியது. அது கிலோவுக்கு 2 கிராம், அதாவது 2,000 பிபிஎம். எந்த முறையில் அளந்தது என்று எழுதாத சான்றிதழைக் கோப்பில் வைக்கலாம், முடிவெடுக்க எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: விரைவுச் சோதனை ஸ்ட்ரிப்பில் கட்டுப்பாட்டுக் கோடே வரவில்லை

சிவப்பு நிறம் அடிப்பஞ்சிலேயே நின்றுவிட்டதா? கூழ்மத் தங்கத் துகள்கள் எதிர்மின்; கரைந்த கைட்டோசான் அவற்றைத் திரளச் செய்துவிட்டது. நிறம் நகர்கிறது, ஆனால் மெதுவாக, பாதியில் நின்றது என்றால் பிசுபிசுப்பு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பிஹெச் 9 பஃபரில் வீழ்படிவாக்கி, சுழற்றி, மேல்நீரை ஸ்ட்ரிப்பின் சொந்த பஃபரில் பத்து மடங்கு நீர்த்து விடுவது. கட்டுப்பாட்டுக் கோடு வராத ஸ்ட்ரிப்பை நெகட்டிவ் என்று படிக்கவே கூடாது. எப்படியும் இந்தப் பொருளுக்கு ஸ்ட்ரிப் முடிவான சோதனையல்ல. உற்பத்தி வரிசையில் மேசையையும் கத்தியையும் துடைத்துப் பார்க்க மட்டும் நல்லது.

அறிகுறி: பிசிஆர் (டிஎன்ஏயைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) நெகட்டிவ், எலிசா பாசிட்டிவ் (அல்லது தலைகீழ்)

முரண்பாடு இல்லை. சுண்ணாம்பு நீக்கும் அமிலம் டிஎன்ஏயின் பியூரின்களைக் கழற்றும், பின்வரும் சூடான காரம் அந்த இடங்களில் இழையை வெட்டும். போதாததற்குக் கைட்டோசான் டிஎன்ஏயை மிக இறுகப் பிடிக்கும். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்ல அதை ஆய்வில் பயன்படுத்துவதே இதனால்தான். ஆகவே பிசிஆர் நெகட்டிவ் என்பது புரதம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உள் கட்டுப்பாடு பெருகியதா என்று பார்க்காத பிசிஆர் முடிவை வாங்கிக்கொள்ளவே வேண்டாம். மூலம் இறாலா, நண்டா என்று இனம் காணத்தான் பிசிஆர் உதவும், அதுவும் டிஎன்ஏ தப்பியிருந்தால்.

அறிகுறி: எலிசா பூஜ்யம், அமினோ அமிலப் பகுப்பாய்வில் புரதம் இருக்கிறது

மீட்பு நன்றாக இருந்தும் இப்படி வந்தால், புரதம் துண்டுகளாகக் கிடக்கிறது. சாண்ட்விச் எலிசாவுக்கு ஒரே மூலக்கூறில் இரண்டு பிடிப்பிடங்கள் வேண்டும். சூடான காரம் சங்கிலியை வெட்டியும், ஆஸ்பராஜினின், குளுட்டமினின் அமைடுகளைக் கழற்றியும், லைசினோஅலனின் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கியும் அந்த இடங்களைச் சிதைத்திருக்கும். ஆனால் ட்ரோபோமயோசினில் ஐஜிஇ (உடலில் ஒவ்வாமையைத் தூண்டும் ஆன்டிபாடி) பிணையும் இடங்கள் பெரும்பாலும் நேர்வரிசைத் துண்டுகள். உடைந்த பெப்டைடும் ஒவ்வாமை உள்ளவரின் ஐஜிஇயைப் பிணைக்கலாம். எலிசாவுக்குத் தெரியாதது உடலுக்குத் தெரியலாம் என்பதால் இங்கே நின்றுவிடக் கூடாது.

ஒரே ஒரு பிடிப்பிடம் போதுமான போட்டி வகை எலிசா முதல் மாற்று. அடுத்தது நிறை நிறமாலை. இலக்குப் பெப்டைடைத் தேர்ந்தெடுக்கும்போது மெத்தியோனின், ஆஸ்பராஜினின், குளுட்டமின் இல்லாததாகப் பாருங்கள். காரச் சிகிச்சையில் மாறாமல் மிஞ்ச வாய்ப்புள்ளவை இம்மூன்றும் இல்லாத பெப்டைடுகள்தான். இறால் ட்ரோபோமயோசினில் ஃபினைல்அலனின்–லியூசின்–அலனின்–குளுட்டமேட்–குளுட்டமேட்–அலனின்–ஆஸ்பார்டேட்–ஆர்ஜினின் என்ற எட்டு எழுத்துத் துண்டு இந்த விதிக்குப் பொருந்துகிறது. அதன் வால் பக்கத்தில் ஆஸ்பார்டேட்டும், ஆர்ஜினினை ஒட்டி லைசினும் இருப்பதால் ட்ரிப்சின் சில நேரம் அங்கே வெட்டத் தவறும். வெட்டாத வடிவத்தையும் சேர்த்துக் கண்காணியுங்கள். ஒரே பெப்டைடை வைத்து இறால் என்று முடிவு கட்ட முடியாது. குறைந்தது இரண்டு வேண்டும்; அவற்றில் ஒன்றாவது கரப்பானிலும் தூசிப் பூச்சியிலும் இல்லாததாகப் புரதத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்தது. அளவை ஒப்பிட உதவும் ஐசோடோப்பு இட்ட பெப்டைடைச் செரிமானத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

அப்போது பெப்டைடுகளைப் பிரிக்கும் குழாயில் (column) அழுத்தம் ஏறிக்கொண்டே போனால்: செரித்த கரைசலை ஃபார்மிக் அமிலத்தால் அமிலமாக்கியதும், அதுவரை வீழ்படிவாகக் கிடந்த கைட்டோசான் மீண்டும் கரைந்து குழாயை அடைக்கிறது. அமிலம் சேர்க்கும் முன், பிஹெச் 8க்கு மேல் இருக்கும்போதே சுழற்றி, 10 கிலோடால்டன் வடிகட்டியில் இறக்கிவிடுங்கள்.

அறிகுறி: இரண்டு கிட், இரண்டு விடை

அலகைப் பாருங்கள். ஒன்று ட்ரோபோமயோசினாகச் சொல்லும், இன்னொன்று மொத்த ஓட்டுடலிப் புரதமாகச் சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் காரணி முழு இறால் தசையை வைத்துக் கணக்கிட்டது; காரத்தில் வெந்த ஓட்டின் மிச்சத்தில் அந்த விகிதம் செல்லாது. எந்த அலகில் கிட் நேராக அளந்ததோ அதிலேயே எழுதுங்கள். மூலப்பொருள் கணவாயின் உள்தண்டு என்றால் ஓட்டுடலி கிட்டே தவறான கருவி; அது மெல்லுடலி, அதற்கான தனிக் கிட் வேண்டும்.

அறிக்கையில் எழுத வேண்டியவை

‘இல்லை’ என்று எழுத வேண்டாம். ‘இந்தப் படலத்தில், இந்த முறையில், கிலோவுக்கு இத்தனை மி.கி. எல்லைக்குக் கீழ், கண்டறியப்படவில்லை. வார்த்த மாதிரியின் மீட்பு இத்தனை விழுக்காடு’ என்று எழுதுங்கள். மீட்பைக் கொண்டு விடையைத் திருத்தியிருந்தால் திருத்தாத எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

விடையைப் படிக்க ஒரு அளவுகோல் உண்டு. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு இறாலுக்குப் பரிந்துரைத்த குறிப்பு அளவு 200 மி.கி. புரதம். ஒருவர் ஒரு வேளையில் 2 கிராம் படலம் தின்றால், அந்த அளவை எட்ட படலத்தில் பத்தில் ஒரு பங்கு இறால் புரதமாக இருக்க வேண்டும். சுத்திகரித்த கைட்டோசானில் அது நடக்காது. ஓட்டுத்தூளை அப்படியே கலந்த மலிவுப் படலத்துக்கு இந்த நிம்மதியைக் கடன் கொடுக்க வேண்டாம். அந்த எண் தற்செயலாகக் கலந்ததை எடைபோட வந்தது. வேண்டுமென்றே சேர்த்த மூலப்பொருளுக்குப் பல நாட்டு லேபிள் விதிகள் அது எதிலிருந்து வந்தது என்றுதான் கேட்கின்றன. எனவே சோதனை விடை எதுவானாலும், லேபிளிலிருந்து ‘ஓட்டுடலி’ என்ற சொல்லை எடுக்க அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம் என்று அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.